கன்சல்டிங் இன்டர்ன்ஷிப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் போங்க



"அண்ணா, கன்சல்டிங் கம்பெனியில சம்மர் இன்டர்ன்ஷிப் கிடைச்சா எப்படிச் சமாளிக்கிறது?" ஜூனியர்ஸ் நிறைய பேர் கேட்டுட்டாங்க. போன கோடையில சென்னையில அப்படி ஒரு கம்பெனியில 8 வாரம் இருந்தேன். ஒன்னை முதல்லயே சொல்லிடுறேன். எங்க பேட்ச்ல 4 பேர், பி.பி.ஓ. கிடைச்சது ஒருத்தருக்கு. அது நான் இல்லை. ஏன் கிடைக்கலைன்னு எனக்கு நல்லாத் தெரியும். அதனாலதான் எழுதுறேன்.

அங்க என்ன வேலை?

ஒரு நிறுவனம் முடிவு எடுக்கத் தடுமாறும்போது, அதுக்கான கணக்கையும் காரணத்தையும் தேடிக் கொடுக்குறதுதான் கன்சல்டிங். இன்டர்ன் கைக்கு வர்றது அதுல ஒரு சின்னத் துண்டு.

நம்ம ஊர் உதாரணமே எடுத்துக்குவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பால்கோவா கடை. லாபம் குறையுதுன்னு ஓனர் சொல்றார். நாம உடனே என்ன சொல்வோம்? "2019-ல புவிசார் குறியீடே கிடைச்சாச்சு, ஆன்லைன்ல விக்கலாமே!" அங்க அப்படிச் சொன்னா யாரும் காது கொடுக்க மாட்டாங்க. முதல்ல பிரிக்கணும். லாபம்னா வரவு கழித்தல் செலவு. வரவுல எத்தனை கிலோ, கிலோ என்ன விலை. செலவுல பால், சர்க்கரை, விறகு, கூலி, வாடகை, விக்காம வீணாப்போறது. ஒரு கிளையில வந்தது இன்னொன்னுல வரக்கூடாது, எதுவும் விட்டும் போகக்கூடாது. இதுக்கு 'மீசி'ன்னு பேர். 1963-ல மெக்கின்சியில சேர்ந்த பார்பரா மின்டோவோட பேரைச் சொல்லித்தான் இதைச் சொல்லித் தருவாங்க. அவங்களோட 'பிரமிட் பிரின்சிபிள்' இன்னொன்னும் சொல்லுது: முடிவை முதல்ல சொல்லு, காரணத்தைப் பிறகு சொல்லு. நம்ம லேப் ரெக்கார்டுக்கு நேர் எதிர். நோக்கம், கருவிகள், செய்முறைன்னு ஆரம்பிச்சுக் கடைசிப் பக்கத்துல முடிவு எழுதிப் பழகின கைக்கு, இது மாற ரெண்டு வாரமாவது ஆகும்.

முதல் வாரம்

வேலை கொடுத்த உடனே எக்செல்லைத் திறக்காதீங்க. மூணு கேள்வி கேளுங்க. இதை வச்சு யார், என்ன முடிவு எடுக்கப் போறாங்க? எப்போ? எவ்வளவு துல்லியம் போதும்? பதிலை நாலு வரியில மெயிலா திருப்பி அனுப்புங்க. தப்பாப் புரிஞ்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிடும். ஷீட்ல ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்துலயும் அது எங்க இருந்து வந்துச்சுன்னு ஒரு காலம் போட்டு வைங்க. இங்கிலீஷ் பத்திப் பயப்படாதீங்க. குட்டிக் குட்டி வாக்கியமா பேசினா போதும், அங்க யாரும் மார்க் போடலை.

நான் சறுக்கின இடம்

எனக்கு வந்தது ஒரு ஸ்பின்னிங் மில் வேலை. எந்த மில்னு வெளிய சொல்லக்கூடாது, கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கோம். உற்பத்தி ஏன் குறையுதுங்கிறதுதான் கேள்வி. ரிங் ஃபிரேம்ல கண்டு நிரம்பினா மெஷினை நிறுத்தி, எடுத்துட்டு, காலி பாபினைச் சொருகணும். இதுதான் டாஃபிங். ரெஜிஸ்டர்ல ஒவ்வொரு டாஃபிங்குக்கும் 5 நிமிஷம்னு இருந்தது. மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நாளைக்கு 8 தடவை, மொத்தம் 40 நிமிஷம். "இங்க பெரிய நஷ்டம் இல்லை, மெஷின் ஸ்பீடை ஏத்தலாம்"னு ஸ்லைடு ரெடி.

ஏழாவது வாரம் செவ்வாய்க்கிழமை அத்தைக்குப் போன் பண்ணினேன். 1936-ல பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லை ஆரம்பிச்சதுல இருந்து நூலை நம்பியே பல குடும்பம் வாழ்ற ஊரு நம்மது. அத்தையும் ராஜபாளையத்துல ஒரு மில்லுல வருஷக்கணக்கா சைடர் வேலை பார்த்தவங்க. என் கிளையன்ட் பேரைச் சொல்லலை, பொதுவாத்தான் கேட்டேன். "அத்தை, டாஃபிங் நேரத்தை எப்ப எழுதுவாங்க?"

"ஷிப்ட் முடியும்போது மொத்தமா எழுதிருவாங்க மருமகனே. எல்லாத்துக்கும் ஒரே நேரம்தான் போடுவாங்க. யாரு நின்னு மணி பாக்குறா?"

மறுநாள் மில்லுக்குப் போய் போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்த்தேன். சராசரி 8 நிமிஷம். நாளைக்கு 64 நிமிஷம் மெஷின் நிக்குது. ரெண்டு மூணு ஃபிரேம் ஒரே நேரத்துல நிரம்பிடுது, டாஃபிங் ஆள் வர்ற வரைக்கும் அது சும்மா காத்திருக்கு. ஸ்பீடை ஏத்தியிருந்தா என்ன ஆகும்? இழை இன்னும் அறுந்திருக்கும். அதை ஒட்ட ஓடுறது அத்தை மாதிரி ஆளுங்கதான்.

இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லலை. "ஏழு வாரமா என்ன பண்ணினே?"ன்னு கேப்பாங்களோன்னு பயம். கணக்கை முழுசா சரிபண்ணிட்டு, கெத்தா போய்ச் சொல்லலாம்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இழுத்தேன். திங்கட்கிழமை கிளையன்ட் மீட்டிங். டீம்ல எல்லாரோட சனி, ஞாயிறும் போச்சு. ஸ்லைடு மாறுச்சு. ஸ்பீடை விட்டுட்டு, டாஃபிங் நேரத்தை மெஷின் வாரியா முன்பின்னா பிரிக்கிறதுதான் பரிந்துரையா போச்சு. மில் மேனேஜர் அதைப் பார்த்துட்டு, "இதுதாங்க எங்க பிரச்சினை"ன்னார்.

கடைசி நாள் ஃபீட்பேக்ல மேனேஜர் சொன்னது: "கண்டுபிடிச்சது நல்ல விஷயம். ஆனா புதன்கிழமை தெரிஞ்சதை வெள்ளிக்கிழமை சொன்னே. அடுத்த தடவை நீ எப்போ சொல்வேன்னு நான் எப்படி நம்புறது?"

பதில் சொல்ல முடியலை.

எடுத்துட்டுப் போங்க

இன்டர்ன் தப்பு பண்ணுவான்னு அவங்களுக்குத் தெரியும், அதுக்கு நேரமும் ஒதுக்கியிருப்பாங்க. தெரிஞ்சும் சொல்லாம இருக்குறதுக்கு மட்டும் எந்தத் திட்டத்துலயும் இடம் இல்லை. "இந்த எண்ணுல சந்தேகமா இருக்கு, நாளைக்குச் சரிபார்த்துச் சொல்றேன்." இந்த ஒரு வரி மெயில் புதன்கிழமை போயிருந்தா கதையே வேற.

இன்னொன்னு. ராஜபாளையத்துல இருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும்போது, பெரிய காலேஜ் பசங்க நடுவுல நமக்கு என்ன தெரியும்னு நினைச்சுட்டே போனேன். அங்க எனக்கு உதவினது நம்ம ஊர்ல எல்லார் வீட்டுலயும் பேசுற விஷயம்தான். உங்க வீட்டுலயும் தறி, பேண்டேஜ் துணி, பால், கடைன்னு ஏதாவது ஒரு வேலை தெரிஞ்ச ஆள் இருப்பாங்க. ரெஜிஸ்டரை நம்புறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கேட்டுத் தெரிஞ்சதை அன்னைக்கே போய்ச் சொல்லுங்க.

ஆல் தி பெஸ்ட்!