பாடந்தோறும் எண்ணிம எழுத்தறிவு: சேலம் அஸ்தம்பட்டிச் சூழலை முன்வைத்து

திறவுச்சொற்கள்: எண்ணிம எழுத்தறிவு, பாட இணைப்பு, பக்கவாட்டு வாசிப்பு, தமிழ்த் தேடல், மேட்டூர் அணை

முன்னுரை

கணினியை இயக்கத் தெரிதலும் கணினி காட்டுவதை மதிப்பிடத் தெரிதலும் வேறுவேறு திறன்கள். 1997இல் எண்ணிம எழுத்தறிவு பற்றி நூல் எழுதிய பால் கில்ஸ்டர் இவற்றுள் இரண்டாவதையே முதன்மைப்படுத்தினார். தமிழகப் பள்ளிகளில் முதல் திறனுக்கான ஏற்பாடுகள் பெருகியுள்ளன. 2011இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. 2018-19 முதல் புதிய பாடநூல்கள் கியூ.ஆர். குறியீடுகளுடன் வெளிவந்தன. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் அமைக்கப்பட்டன. இரண்டாவது திறனை யார் கற்பிப்பது என்பதே விடை காணப்படாத வினா. கணினி ஆசிரியர் ஒருவரால் மட்டும் அது இயலாது. உண்மையைச் சோதிக்க ஒவ்வொரு பாடத்திற்கும் தனக்கே உரிய முறை உண்டு என்பதே அதற்குக் காரணம். அஸ்தம்பட்டி மாணவர் ஒருவரின் சுற்றுப்புறத்திலிருந்து எடுத்த சான்றுகளால் இக்கட்டுரை இதனை விளக்குகிறது.

காட்டப்பட்ட பக்கமும் தேடிய பக்கமும்

பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்னும் பகுதி உள்ளது. கணக்குப் பாடத்தில் அது பெரும்பாலும் ஜியோஜீப்ரா பயிற்சித்தாளுக்கு இட்டுச்செல்லும். பயனுள்ள ஏற்பாடுதான். எனினும் குறியீட்டை ஒளிவருடினால் திறக்கும் பக்கம் முன்னரே வல்லுநர் தேர்ந்து வைத்த பக்கம். தேடுதல், ஒப்பிடுதல், ஐயுறுதல் ஆகிய மூன்று வேலைகளும் மாணவருக்கு முன்பே முடிந்துவிடுகின்றன. வீட்டில் கைபேசியைக் கையிலெடுக்கும் அதே மாணவருக்கு அவ்வாறு தேர்ந்து தருவார் எவருமில்லை.

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க் குழுவினர் 12 மாநிலங்களில் 7,804 மாணவர் விடைகளைத் திரட்டி 2016இல் வெளியிட்ட ஆய்வு, இணையத்தில் புழங்குவதில் தேர்ந்த மாணவர்களும் தகவலின் மூலத்தை ஆராய்வதில் தடுமாறியதைக் காட்டியது. அதனினும் கருதத்தக்கது அடுத்து வந்த ஆய்வு. அதில் வரலாற்றறிஞர்களுள்ளும் பலர் ஏமாந்தனர். தகவல் சரிபார்ப்பாளர்களோ ஐயத்திற்குரிய பக்கத்தில் நெடுநேரம் தங்காமல், அதனை வெளியிட்டவர் யார் எனப் பிற தளங்களில் தேடினர். இதனைப் பக்கவாட்டு வாசிப்பு என்பர்.

தமிழ்ப் பாடம்

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் ஒன்று அஸ்தம்பட்டி. 'ஹஸ்தம்பட்டி' என எழுதுவாரும் உளர். ஒரு வடிவத்தை மட்டும் தட்டச்சுச் செய்து தேடுபவர் மற்றொரு வடிவில் எழுதப்பட்ட செய்திகளைத் தவறவிடக்கூடும். கிரந்த எழுத்துப் பற்றிய பாடம் இங்கே தேடல் திறனாக மாறுகிறது.

இவ்வூர் வழியாகச் செல்லும் சாலை ஏற்காட்டை அடைகிறது. 'ஏற்காடு' என்பது உருபேற்கும்போது 'ஏற்காட்டில்', 'ஏற்காட்டிற்கு' என ஒற்று இரட்டித்து வரும். எழுத்துகளை அப்படியே பொருத்திப் பார்க்கும் தேடலில் 'ஏற்காடு' என்று இட்டால் இவ்வடிவங்கள் அகப்படமாட்டா. 'ஏற்கா' என்ற அளவோடு நிறுத்தினால் அகப்படும். நெடில்தொடர், உயிர்த்தொடர்க் குற்றியலுகர விதி தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதை மாணவருக்கு உணர்த்த இதனினும் எளிய சான்று கிடைப்பது அரிது.

'சேலம்' என்னும் பெயரின் தோற்றம் மற்றொரு பயிற்சி. மலையைக் குறிக்கும் 'சைலம்' என்பர் சிலர். சேரர் தொடர்புடைய 'சேரலம்' என்பர் சிலர். இணையத்தில் இவ்விளக்கங்கள் சான்று சுட்டப்படாமல் பக்கத்திற்குப் பக்கம் படியெடுக்கப்படுவதுண்டு. பத்துத் தளங்கள் ஒன்றையே கூறினால் அது பத்துச் சான்றா, ஒரே சான்றின் பத்துப் படிகளா? சுவடிப் பதிப்பாசிரியர்கள் பாடபேதம் ஆராய்ந்தபோது எழுப்பிய வினாவே இது. செயற்கை நுண்ணறிவுச் செயலி தரும் 'குறளை' 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பில் எண்ணிட்டுச் சரிபார்ப்பதும் இவ்வகைப் பயிற்சியே.

கணக்கும் சமூக அறிவியலும்

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மழைக்காலத்தில் 'வினாடிக்கு ஒரு இலட்சம் கன அடி நீர் வருகிறது; ஒரே நாளில் வெற்று அணை நிரம்பிவிடும்' என ஒரு வாட்ஸ்அப் செய்தி பரவுவதாகக் கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். பெருக்கினால் 864 கோடி கன அடி, அதாவது 8.64 டி.எம்.சி. வெற்று அணை நிரம்ப ஏறத்தாழ 11 நாள்கள் வேண்டும். எட்டாம் வகுப்புப் பெருக்கல் வகுத்தலே ஒரு வதந்தியைத் தடுத்துவிடுகிறது. ஆற்றங்கரையில் வாழ்வோருக்கு இது வெறும் கணக்கன்று. நாள்தோறும் வெளியாகும் நீர்மட்டத்தையும் நீர் இருப்பையும் விரிதாளில் பதிந்து வரைபடமாக்கினால், மட்டம் 60 அடியாக உள்ளபோது நீர் இருப்புப் பாதியளவு இராது என்பதும் தெரியவரும். பள்ளத்தாக்கு மேலே விரிந்து செல்வதே காரணம் என்னும் விளக்கம் புவியியல் வகுப்பிற்குரியது.

இஸ்ரோவின் 'புவன்' தளத்தில் சேலத்திற்கு வடக்கே தெரியும் வெண்ணிறப் பரப்பு எது என்னும் வினாவும் அத்தகையது. படம் மட்டும் விடை தராது. வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட் சுரங்கம் பற்றிய பிற பதிவுகளோடு ஒப்பிட வேண்டும்.

மதிப்பீடு

பின்லாந்து தனது 2014ஆம் ஆண்டுக் கலைத்திட்டத்தில் பன்முக எழுத்தறிவையும் தகவல் தொழில்நுட்பத் திறனையும் எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக்கியது. இந்தியாவில் 2018இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் பொய்ச் செய்தியை இனங்காணும் வகுப்புகளை 150 அரசுப் பள்ளிகளில் நடத்தியது. முன்னது கலைத்திட்டத்தின் உறுப்பு. பின்னது ஆர்வமுள்ள நிர்வாகத்தின் முயற்சி. அத்தகைய முயற்சிக்கு அதிகாரி மாறினால் தொடர்ச்சி உறுதியில்லை.

தமிழகத்தில் இத்திறனை அளக்க இடமில்லாமல் இல்லை. வளரறி மதிப்பீட்டில் செயல்பாடுகளுக்கு மதிப்பெண் உண்டு. மாணவர் எந்தச் சொல்லை இட்டுத் தேடினார், எந்தப் பக்கத்தை ஏன் தள்ளினார், எதனோடு ஒப்பிட்டார் என்பதை அரைப்பக்கத் தேடற்குறிப்பாக எழுதச் செய்து அதனை மதிப்பிடலாம். வீட்டில் ஒரே கைபேசி உள்ள மாணவருக்கும், அதனைத் தொட அனுமதியில்லாத மாணவிக்கும் இப்பணியை ஆய்வக நேரத்திலேயே தருவது முறை. பத்தாம் வகுப்பில் சிக்கல் வேறு. அறிவியல் செய்முறை மதிப்பெண் நீங்கலாகப் பொதுத்தேர்வு எழுத்து விடையையே அளக்கிறது. தேடற்குறிப்பு எழுதப் பழகிய ஒன்பதாம் வகுப்பு மாணவர் அடுத்த ஆண்டே அதனைக் கைவிட நேர்கிறது.