ஓடுவதற்கல்ல, ஏறுவதற்கு

"மலைக்குப் போவோமா?" என்று நான் கேட்டதும் தோட்டத்துத் தோழிகள் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

"என்னாக்கா, நாங்க தெனமும் மலைக்குத்தானே போறோம்!"

கொழுந்து பறிக்கும் இடத்தையே 'மலை' என்று சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். கூடை இல்லாமல், நிறுவைக்கு நேரம் பார்க்காமல் ஒரு மலையில் ஏறலாம் என்ற எண்ணமே அவர்களுக்குப் புதிதாக இருந்தது.

நான் மாவனல்லைப் பகுதியில் சமூகப் பணி செய்பவள். எங்கள் குழுவில் ஐந்து பேர். தோட்டத் தோழிகள் இருவர், நகரத்தில் தையல் வேலை செய்யும் முஸ்லிம் சகோதரி ஒருவர், நான், பிறகு அக்கா. அக்காவின் குடும்பம் 1977 கலவரத்தின் பின் இங்கிருந்து வன்னிக்குப் போனது. 2009இல் கணவரை இழந்து, முகாமில் இருந்து, இப்போது உறவினரோடு இங்கே வாழ்கிறார். வரவிருக்கும் தை மாதத்தில் 2243 மீற்றர் உயரமான சிவனொளிபாத மலையில் ஏறுவதென்று ஐவரும் தீர்மானித்தோம். எங்களுக்கு அது சிவனின் பாதம். தையல்காரச் சகோதரிக்குப் பாவா ஆதம் மலை. பெயரைப் பற்றி எங்களுக்குள் சண்டை வரவில்லை.

சண்டை வந்தது வீடுகளில்தான். "ஒருநாள் பேரு போயிடுமே" என்றார் ஒரு கணவர். "புருசனை இழந்தவளுக்கு ஊர் சுற்றல் எதுக்கு?" என்று அக்காவிடம் ஓர் உறவுக்காரர் கேட்டார். அக்கா பதில் சொல்லவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கும் வந்தார்.

அன்று நான் ஜப்பானியப் பெண் ஜூன்கோ தாபெய்யின் கதையைச் சொன்னேன். 1969இல் பெண்களுக்கென மலையேறும் சங்கம் தொடங்கியவர் அவர். செலவுக்காகப் பியானோ கற்றுக்கொடுத்துப் பணம் சேர்த்தார். பனிச்சரிவில் புதையுண்டு மீண்டபின், 1975 மே 16 அன்று எவரெஸ்ட் உச்சியில் கால் வைத்த முதற்பெண் ஆனார். நம் நாட்டிலிருந்து அங்கு முதலில் ஏறியவரும் ஒரு பெண்தான். ஜயந்தி குரு உதும்பால 2016 மே 21 அன்று உச்சியை அடைந்தார். அதற்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் நமது அயலிலுள்ள அரநாயக்கவில் மலை சரிந்து வீடுகளை மூடியது. மலை வாழவும் வைக்கும், விழுங்கவும் செய்யும் என்பது இங்குள்ள பெண்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதனால்தான் மழைக்காலத்தை விட்டு, டிசம்பர் பௌர்ணமி முதல் வெசாக் வரையான பருவத்தைத் தெரிவு செய்தோம். அந்நாட்களில் பாதையில் வெளிச்சம் இருக்கும், தேநீர்க் கடைகளும் இருக்கும்.

பணத்துக்கு ஒரு சீட்டுப் பிடித்தோம். பாதை பற்றியும் பேசினோம். இரத்தினபுரிப் பக்கமாகப் பலாபத்தலையிலிருந்து ஏறுவது நீண்டது, கடினமானது. ஆகவே கேகாலை, கித்துல்கல வழியாக ஹட்டன் போய், மஸ்கெலியாவைத் தாண்டி நல்லதண்ணியிலிருந்து ஏறுவோம். அங்கும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள் உள்ளன. பழகுவதற்காக ஞாயிறு காலைகளில் உதுவன்கந்தையில் ஏறுகிறோம்.

அக்காவின் முழங்காலில் செல் துண்டு இருக்கிறது. வைத்தியரிடம் காட்டிய பிறகே பெயரைச் சேர்த்தோம். "மெதுவாக ஏறலாம், வலித்தால் திரும்பிவிட வேண்டும்" என்றார் அவர். உயரத்தால் வரும் மலைநோய் பெரும்பாலும் 2500 மீற்றருக்கு மேலேதான் தொடங்கும். தலைவலி, குமட்டல் வந்தால் மேலே ஏறாமல் கீழே இறங்குவதே அதற்கு முதல் மருந்து. நமது மலையில் அந்தப் பயம் குறைவு. விடியற்காலைக் குளிரும், இறங்கும்போது முழங்கால் படும் பாடும்தான் கூடுதல். மாதவிடாய் நாள் வந்தால் என்ன செய்வது என்றும் வெட்கப்படாமல் பேசினோம். வரவிரும்புபவர் வரலாம், தேவையான துணிகள் பையில் இருக்கும் என்று முடிவு செய்தோம்.

சென்ற வாரம் ஒத்திகையாகப் பை அடுக்கினோம். கம்பளிச் சட்டை, டோர்ச், தண்ணீர்ப் போத்தல், ரொட்டி, கட்டச் சம்பல். அக்காவின் பையைத் திறந்தால், மேலே ஒரு பொலித்தீன் உறை. பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, கணவரின் மரணச் சான்றிதழ்.

"இதெல்லாம் எதுக்கக்கா?"

அக்கா சிறிது நேரம் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பையடுக்கினதெல்லாம் ஓடத்தானே தங்கச்சி. கை தானாக எடுத்து வைச்சிட்டுது."

யாரும் பேசவில்லை. பிறகு அவரே உறையை வெளியில் எடுத்தார். அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் இன்னொரு ரொட்டிப் பொதியை வைத்தார்.

சகோதரிகளே, நம்மில் பலர் பிறர் துரத்தியபோது பயணம் போனவர்கள். நாமே நாள் குறித்து, நாமே பணம் சேர்த்து, திரும்பி வருவதற்காக ஒருமுறை புறப்பட்டுப் பார்ப்போம். உச்சிவரை போகமுடியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் ஊரிலும் ஒரு சிறு குன்றோ, கோயிலோ, கடற்கரையோ இருக்கும். கூட வர நாலு தோழிகளும் இருப்பார்கள். அவர்களை இன்றே கேட்டுப் பாருங்கள்.