'பார்த்துப் போ'ன்னு அம்மா சொல்றாங்களா? அப்போ 'சர்கம்ஸ்பெக்ட்' உங்களுக்குத் தெரியும்!

வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "பார்த்துப் போ" என்கிறார் அம்மா. கண்ணைத் திறந்து வைத்துக்கொள் என்றா சொல்கிறார்? இல்லை, கவனமாக இருக்கச் சொல்கிறார்.

'சர்கம்ஸ்பெக்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் அப்படித்தான் பிறந்தது. கேட்டாலே மிரட்டும் சொல்லைப் பிரித்துப் பாருங்கள்:

- சர்கம் - சுற்றி
- ஸ்பெக்ட் - பார்

இரண்டும் லத்தீன். சுற்றும் முற்றும் பார்த்து நடப்பவர், அதாவது எச்சரிக்கையானவர்.

ஒரு வேர், பல சொற்கள்

'ஸ்பெக்ட்' பிடிபட்டால் மற்றவையும் சுலபம்:

- இன்ஸ்பெக்ட் - கூர்ந்து பார்ப்பது
- ரெட்ரோஸ்பெக்ட் - பின்னோக்கிப் பார்ப்பது
- இன்ட்ரோஸ்பெக்ஷன் - தனக்குள்ளே பார்ப்பது

அப்போ, 'கேர்ஃபுல்' வரும் இடமெல்லாம் 'சர்கம்ஸ்பெக்ட்' போடலாமா?

வேண்டாம்! "தரை ஈரமா இருக்கு, பார்த்து நட" என்று தம்பியிடம் சொல்ல 'கேர்ஃபுல்' போதும். பின்விளைவுகளை யோசித்து, வார்த்தைகளை அளந்து பேசும் தலைவரைப் பற்றி எழுதும்போது 'சர்கம்ஸ்பெக்ட்' பொருந்தும்.

ஒரே பொருளுக்கு ஏன் இத்தனை சொற்கள்?

1066இல் நார்மண்டியைச் சேர்ந்த வில்லியம் இங்கிலாந்தைக் கைப்பற்றினார். அதன்பின் நெடுங்காலம் அரண்மனையில் பிரெஞ்சு, சாதாரண மக்களிடம் ஆங்கிலம், தேவாலயத்திலும் கல்வியிலும் லத்தீன்.

மூன்றும் கலந்தன. அதனால்தான் பட்டியில் நிற்கும் ஆடு 'ஷீப்', தட்டில் வரும்போது 'மட்டன்'. முன்னது பழைய ஆங்கிலம், பின்னது பிரெஞ்சு.

'கேட்பது' என்பதற்கும் மூன்று சொற்கள்:

- ஆஸ்க் - பழைய ஆங்கிலம். அன்றாடப் பேச்சு.
- குவெஸ்ச்சன் - பிரெஞ்சு வழியாக வந்தது. சந்தேகத்தோடு கேட்பது.
- இன்டெரொகேட் - லத்தீன். காவல்துறை விசாரணை போன்றது.

"உங்களை 'இன்டெரொகேட்' செய்யலாமா?" என்று ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினால் எப்படி இருக்கும்?

இது உங்களுக்குப் புதிதல்ல

தண்ணி, நீர், தீர்த்தம் மூன்றும் ஒன்றுதான். ஆனால் கோப்பிக்கடையில் "ஒரு கிளாஸ் தீர்த்தம்" என்று யாராவது கேட்பார்களா? எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பது தமிழில் உங்களுக்குத் தானாகவே தெரிகிறது. ஆங்கிலம் எழுதும்போதும் அதே காதைப் பயன்படுத்துங்கள்.

என்ன செய்யலாம்?

- புதுச் சொல்லின் வேரைத் தேடுங்கள். மனத்தில் பதியும்.
- வேரை மட்டும் நம்பாதீர்கள். 'நைஸ்' என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கு 'அறியாதவர்' என்று பொருள். இன்று அப்படியா சொல்கிறோம்? அகராதியில் இன்றைய பொருளையும் பாருங்கள்.
- அந்தச் சொல் வரும் இரண்டு மூன்று வாக்கியங்களைப் படியுங்கள். யார், யாரிடம், எப்போது சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அதற்குப் பிறகும் சந்தேகமா? கட்டுரையில் எளிய சொல்லையே எழுதுங்கள். இடம் மாறி விழும் பெரிய சொல்லைவிட, சரியாக உட்காரும் சின்னச் சொல் மேல்.