மலிவு விலை ரைபிளும் இரண்டு சட்டங்களும்

பிரான்சில் குடியேறிய புதுச்சேரிக்காரர் ஒருவர், அங்கே தேர்வெழுதி வேட்டை உரிமம் பெற்றால், சிக்கனமான போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்றை வாங்கிக் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போகலாம். ரெட்டியார்பாளையத்தில் இருக்கும் அவருடைய தம்பிக்கு அந்த வழி இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்துவிட்டது. பிறகு எதற்கு இந்தக் கட்டுரை என்கிறீர்களா? விலை குறைந்த ரைபிள்கூடக் குறி தவறாமல் சுடுவது எப்படி என்பது சுவையான பொறியியல். அந்தக் கதையின் முதல் அத்தியாயம் பிரெஞ்சுக்காரர்களுடையது.

போல்ட் ஆக்‌ஷன் என்பது கதவுத் தாழ்ப்பாளின் வேலைதான். கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளி இறக்கினால் அடுத்த தோட்டா உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும். சுடும் நொடியில் அந்தப் பூட்டு தாங்க வேண்டிய அழுத்தம் சாதாரணமானதல்ல. இன்றைய .30-06 தோட்டாவுக்குள் அது சதுர சென்டிமீட்டருக்கு 4 டன்னைத் தாண்டும். போல்ட்டில் துருத்தி நிற்கும் இரண்டு மூன்று எஃகுக் காதுகள்தான் அதைத் தாங்குகின்றன.

இந்த அழுத்தம் வந்ததே 1884-இல் பால் வியெய் கண்டுபிடித்த புகையில்லா வெடிமருந்தால்தான். அதுவரை இருந்த கருமருந்து குழலில் கரி படியவைத்து, சுட்டவர் கண்ணையே புகையால் மறைத்தது. புதிய மருந்தை நம்பிப் பிரெஞ்சு ராணுவம் 1886-இல் லெபெல் ரைபிளைக் கொண்டுவந்தது. முதல் உலகப் போரில் அந்த ராணுவத்தின் முக்கிய ஆயுதம் அது. அந்தப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்குத்தான் புதுவைக் கடற்கரைச் சாலையில் நினைவுச்சின்னம் நிற்கிறது. லெபெலில் ஒரு சங்கடம் இருந்தது. குழலுக்குக் கீழே நீளவாக்கில் எட்டுத் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு வந்தபோது, பின்தோட்டாவின் முனை முன்தோட்டாவின் வெடிமுனையைக் குத்திவிடக்கூடும் என்பதால் தோட்டாவின் அடியில் வளையப் பள்ளம் வெட்ட வேண்டியதாயிற்று. ஜெர்மனியின் 1898 மாசர் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. பூட்டும் காதுகளைப் போல்ட்டின் முன்முனையில் வைத்தது. இன்றைய வேட்டை ரைபிள்களில் பெரும்பாலானவை அதன் வாரிசுகள்தான்.

விலையைத் தீர்மானித்தது வேறொரு நுணுக்கம். மூடிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டா போய் உட்காரும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் மில்லிமீட்டரின் சிறு பின்னம்கூடப் பிசகக்கூடாது. பிசகினால் தோட்டாக்கூடு கிழியலாம். முன்பெல்லாம் தேர்ந்த தொழிலாளி ஒவ்வொரு குழலையும் பார்த்துப் பார்த்துப் பொருத்துவார். 1958-இல் அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் தன் 110 மாடலில் குழலைத் திருகி, அளவு வந்ததும் ஒரு நட்டைப் போட்டு இறுக்கிவிட்டது. கைவேலை குறைந்தது, விலையும் இறங்கியது, துல்லியம் குறையவில்லை. மலிவு ரைபிளில் மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக் கட்டையிலும் மெருகிலும்தான். குழலிலும் பூட்டிலும் கைவைத்த ரைபிளை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பேன்.

எந்த அளவுத் தோட்டா என்பதில்தான் சட்டம் குறுக்கே வருகிறது. தன் படையின் .303 தோட்டா இந்தியர்களின் கைக்குப் போவதைப் பிரிட்டிஷ் அரசு விரும்பவில்லை. ஆகவே ஆஸ்திரியாவின் பழைய மான்லிகர் தோட்டா .315 என்ற பெயரில் இங்கே வேரூன்றியது. மேற்கு வங்கத்தின் இச்சாபூர் ஆலை லீ-என்ஃபீல்டு அமைப்பில் செய்த .315 ரைபிள்தான் நம் நாட்டு உரிமதாரர்களுக்கு அறிமுகமான போல்ட் ஆக்‌ஷன். பிரான்சிலும் இதே கதைதான். போர்த் தோட்டாக்களுக்கு 2013 வரை கடும் கட்டுப்பாடு இருந்ததால், அங்குள்ள வேட்டைக்காரர்கள் 7×64 போன்றவற்றுக்குப் போனார்கள். இரண்டு கொடிகளுக்கும் ஒரே பயம்!

சட்டம் தேர்ந்தெடுத்த தோட்டாவுக்கு இயற்பியலும் விலை கேட்கிறது. மூல மான்லிகர் குண்டின் வேகம் நொடிக்குச் சுமார் 620 மீட்டர். காற்றுத் தடையைச் சேர்க்காமலே 200 மீட்டருக்குள் அது அரை மீட்டர் தாழ்ந்துவிடும். நொடிக்கு 850 மீட்டரில் போகும் நவீனக் குண்டு 27 சென்டிமீட்டர்தான் தாழும். லீ-என்ஃபீல்டின் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருப்பதால் போல்ட் சற்றே நசுங்கிக் கொடுக்கும், அழுத்தம் குறைந்த .315 அதற்குத் தோதானது. 100 மீட்டருக்குள் அது போதும், அதற்கு மேல் என் ஓட்டு அதற்கில்லை.

பிரான்சில் உள்ள அண்ணன் யோசனை கேட்டால், கட்டையின் அழகில் மிச்சம் பிடித்துத் தொலைநோக்கியிலும் பயிற்சித் தோட்டாவிலும் செலவழிக்கச் சொல்லுங்கள். தம்பி காட்டுப்பன்றித் தொல்லையைக் காரணம் காட்ட முடியாது. பக்கத்தில் தமிழ்நாடு 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாட்டிலும் சுடுவது வனத்துறையினர்தான், விவசாயி அல்ல. குறிபார்க்கும் ஆசை உண்மையானால் அவர் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேரட்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோவில் உலகக் கோப்பைத் தங்கம் வென்றது 10 மீட்டர் காற்று ரைபிளில்.