திரைக்கு முன்னால் லென்ஸ் ஏன் உறுத்துகிறது?

சாயங்காலமானால் கான்டாக்ட் லென்ஸ் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். பழி திரையின் நீல ஒளிமேல் விழுகிறது. ஆனால் முக்கியக் காரணம் இமைதான். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைக்கிறோம். திரையை உற்றுப் பார்க்கும்போது அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே போய்விடும். அதிலும் பல இமைப்புகள் முழுதாக மூடுவதில்லை. கண்ணீர்ப் படலத்தை லென்ஸ் ஏற்கெனவே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. வெளிப்படலம் மெலிந்து சீக்கிரம் உலர, காய்ந்த லென்ஸ் இமையின் உட்புறத்தில் உராய்கிறது.

நீல ஒளி தடுக்கும் கண்ணாடிக்குச் செலவழிக்காதீர்கள். மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கண் சோர்வை அது குறைப்பதாகக் காணவில்லை. திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வையுங்கள்: இமை இறங்கும், காற்றுபடும் பரப்பு குறையும். ஏசி முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். அவ்வப்போது தூரத்தில் பார்த்து, இமைகளை நன்றாக மூடித் திறங்கள். லென்ஸோடு விடத்தக்க சொட்டு மருந்து உதவும். லென்ஸில் குழாய்த் தண்ணீர் மட்டும் படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய அகாந்தமீபா கிருமி கருவிழியையே அரித்துவிடும்.