மூன்றாவது நாற்காலி

லாஸ்பேட்டையில் ஹெலிபேட் மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போர்ட்டிகோவில் பாய் விரித்து, பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். தவறாமல் வருகிறவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் ஆட உட்கார்ந்தால் மூன்றாவது பிள்ளை சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்க்க வேண்டும். அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மூவர் செஸ்ஸைத் தேடிப் போனேன்.

பலகை அறுகோணம். வழக்கமான பலகையில் ஒருவர் பக்கம் நான்கு வரிசை, வரிசைக்கு எட்டு, ஆக 32 கட்டங்கள். அதுபோல மூன்று பக்கங்களை வளைத்து ஒட்டினால் 96. அமெரிக்காவின் ராபர்ட் ஜூப்ரின் 1971-ல் இப்படி ஒரு பலகையை வடிவமைத்தார். செவ்வாய்க்கு மனிதர் போயே ஆக வேண்டும் என்று பின்னாளில் மார்ஸ் சொசைட்டியைத் தொடங்கியவரும் அவர்தான். நான் சார்ட் பேப்பரில் ஸ்கேல் வைத்து வரைந்து, பேனர் கடையில் கொடுத்து ஃப்ளெக்ஸில் அடித்து வாங்கினேன். பழைய வெள்ளைக் காய்களுக்குச் சிவப்பு எனாமல் பூசியதில் மூன்றாவது படையும் தயார்.

பலகையின் நடுவில் ஆறு கட்டங்கள் ஒரே புள்ளியில் முட்டி நிற்கின்றன. மூலைவாட்டில் போகும் பிஷப் அந்தப் புள்ளியைத் தாண்டும்போது எதிரே அதே நிறத்தில் இரண்டு கட்டங்கள் இருக்கும். எதில் வேண்டுமானாலும் இறங்கலாம். பிள்ளைகளுக்கு அந்த முச்சந்தி மிகவும் பிடித்துப்போயிற்று. எனக்கும்தான்.

ஆனால் முதல் ஆட்டத்திலேயே ஒன்று புரிந்தது. ஒன்பதாம் வகுப்புப் பையன் தன் யானையால் நடுப்பையனின் யானையை வெட்டினான். நடுப்பையன் திருப்பி வெட்டினான். இருவர் ஆட்டத்தில் இது சரிக்குச் சரி. இங்கே ஆறாம் வகுப்புச் சின்னவள் ஒரு விரலைக்கூட அசைக்காமல் இரண்டு பேரையும்விட ஒரு யானை கூடுதலாக வைத்திருந்தாள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது இதுதான். விஷயம் புரிந்ததும் அடுத்த வாரம் யாருமே சண்டைக்குப் போகவில்லை. முக்கால் மணி நேரம் சிப்பாயைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆடும் வரிசையில் இருக்கிறது. பெரியவன், நடுப்பையன், சின்னவள் என்று முறை வருகிறது. பெரியவன் சின்னவளுக்குச் செக் வைத்தான். அவள் பதில் சொல்வதற்கு முன் நடுப்பையனின் முறை வந்துவிட்டது. அவன் தன் பிஷப்பை நகர்த்தி அவள் ராணியைக் குறிவைத்தான். அவளோ ராஜாவைத்தான் காப்பாற்ற வேண்டும். அடுத்த சுற்றில் ராணி போயிற்று. "ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டாங்க டீச்சர்!" என்று அழுதாள். அவர்கள் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை; நான் பக்கத்திலேயே இருந்தேன். கூட்டணியை அமைத்துக் கொடுத்தது வரிசைதான்.

ரம்மி ஆடுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். கை தாராளமாகச் சீட்டை இறக்குகிறவருக்கு அடுத்து உட்கார்ந்தவருக்கு யோகம். மூவர் செஸ்ஸிலும் தப்பு பண்ணுகிறவருக்கு அடுத்த ஆள்தான் அந்தத் தப்பை முதலில் அறுவடை செய்கிறார்.

இத்தனையையும் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது, தோற்கப்போகிறவர் கையில் வெற்றி போய்விடுவது. ஒருநாள் நடுப்பையனிடம் ராஜாவும் ஒரு யானையும்தான் மிச்சம். தனக்கு இனி வழியில்லை என்று தெரிந்ததும், தன் ராணியை வெட்டியவள் மேல் இருந்த கோபத்தில் அந்த யானையை அவள் கோட்டைக்குள் விட்டு அடித்தான். நன்றாக ஆடிக்கொண்டிருந்த சின்னவள் குலைந்தாள். அதுவரை பின்தங்கி நின்ற பெரியவன் ஜெயித்தான். நன்றாக ஆடியதற்கு அந்தப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? இந்தக் கேள்வியோடு இரண்டு நாள் இருந்தேன்.

அப்போதுதான் எங்கள் ஊர்ப் பெயரே நினைவுக்கு வந்தது. லாஸ்பேட்டை என்பது ஜான் லா தெ லோரிஸ்தோன் என்ற பிரெஞ்சு ஆளுநரின் பெயரால் வந்தது. 1757-ல் அவர் வங்காளத்தில், காசிம்பஜார் பிரெஞ்சுப் பண்டகசாலையின் தலைவர். அங்கே நடந்ததும் மூவர் ஆட்டம்: நவாப் சிராஜ் உத் தௌலா, ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர். மூவரில் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தவர் ஆங்கிலேயர். அவரைத் தடுக்க மற்ற இருவருக்கும் ஒருவரையொருவர் தேவை என்று லா நவாபிடம் மன்றாடினார். நவாபுக்கோ டெல்லிக்கு வந்துவிட்ட ஆப்கானியர் அகமது ஷா அப்தாலி மேல் பயம், ஆங்கிலேயரைப் பகைத்துக்கொள்ளத் தயங்கினார். மார்ச் 23-ல் பிரெஞ்சுக்காரரின் சந்திரநாகூர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஏப்ரலில் லாவையும் நவாபே அனுப்பிவைத்தார். சரியாக மூன்று மாதம் கழித்து, ஜூன் 23-ல் பிளாசிப் போர். நவாபின் ஆட்டம் முடிந்தது. பின்னர் 1765-ல், ஆங்கிலேயர் இடித்துத் தள்ளியிருந்த புதுச்சேரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வந்தவர் இதே லாதான்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைப் பலகையில் காய் வைத்தே சொன்னேன். மூவர் ஆட்டத்தில் நலிந்தவரை விழ விடுகிறவர் தனக்கு வேண்டிய துணையையே வெட்டக் கொடுக்கிறார். முந்தி நிற்பவரைக் கவனி. அவருக்கு எதிராக நிற்பவரிடம் காய் இருக்கும்போதே கைகொடு. இதைவிட முக்கியமான உத்தி இந்த ஆட்டத்தில் இல்லை.

நியாயத்துக்கு என்ன வழி? சுமார் 1030-ல் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி, இங்கே நான்கு பேர் பகடை உருட்டி ஆடிய சதுரங்கத்தை விவரித்திருக்கிறார். அதில் ராஜாவுக்கு 5, யானைக்கு 4, குதிரைக்கு 3, ருக் என்ற காய்க்கு 2, சிப்பாய்க்கு 1 என்று மதிப்பு உண்டு. கடைசிவரை நிற்கிற ஒருவருக்கே எல்லாம் என்றில்லை; வெட்டியதற்கு ஏற்ற பங்கு. இன்று இணையத்தில் நான்கு பேர் ஆடும் செஸ்ஸிலும் புள்ளிக் கணக்குதான் இருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்பே நம்மவர்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டார்கள் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

நாங்களும் விதிகளை மாற்றினோம். முதலிடத்துக்கு 3 புள்ளி, இரண்டாமிடத்துக்கு 1. மேட் ஆனவரின் காய்கள் யாருக்கும் சேராது. நின்ற இடத்திலேயே கல்லாக நிற்கும். மேட் செய்தவருக்கே அந்தப் படை என்று வைத்தால், மிச்சமிருப்பவர் இரண்டு படைகளோடு மோத வேண்டிவரும். ஒருவர் வைத்த செக்கை இன்னொருவர் மேட்டாக முடித்தால் பெருமை இருவருக்கும் பாதிப் பாதி. இதில் பெரியவனுக்கு இன்னும் சம்மதமில்லை.

வரிசைக்குக் கணக்கு டீச்சரின் மருந்து. மூன்று பேரை ஆறு விதமாக வரிசைப்படுத்தலாம். ஆறு ஆட்டமும் ஆடினால் யார் யாருக்கு அடுத்து என்ற குறை எல்லாருக்கும் சமம். ஞாயிறுக்கு இரண்டு ஆட்டம் வீதம் மூன்று வாரத்தில் ஒரு சுற்று.

இந்தச் சுற்றின் ஐந்தாவது ஆட்டம் போன ஞாயிறு காலையில் நடந்தது. நடுப்பையனிடம் மறுபடியும் ராஜாவும் ஒற்றை யானையும். இந்த முறை யானையை யார் மேலும் வீசவில்லை. ராஜாவை ஓரமாக ஒதுக்கி, யானையை முன்னால் நிறுத்தி, மற்ற இருவரும் மோதிக்கொள்ளும்வரை தாக்குப்பிடித்தான். சின்னவள் பெரியவனுக்கு மேட் வைத்ததும் இவனுக்கு இரண்டாமிடம் நிச்சயமாயிற்று. விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, காய்களை அடுக்கிக்கொண்டே கேட்டான்:

"டீச்சர், ஆறாவது ஆட்டத்துல நான் யாருக்கு அடுத்து?"