உள்ளே வரும் இணைப்பை மறிப்பது எது?

அலுவலக லேப்டாப்பில் ஒரு சோதனை இணையதளத்தை ஓட்டுகிறீர்கள். உங்கள் பிரவுசரில் உடனே திறக்கிறது. பக்கத்து மேசைக்காரர் உங்கள் கணினியின் ஐபி முகவரியைத் தட்டினால், சக்கரம் சுற்றிச் சுற்றி ஓய்ந்துபோகிறது. பெரும்பாலும் இது விண்டோஸ் ஃபயர்வாலின் வேலை.

நம் கணினி தொடங்கும் இணைப்பை அது வெளியே விடும். அதற்கு வரும் பதிலையும் உள்ளே விடும். வெளியிலிருந்து யாராவது தொடங்கும் இணைப்புக்கு அனுமதி விதி இல்லையென்றால், பதிலே சொல்லாமல் கைவிட்டுவிடும். சக்கரம் சுற்றுவது அதனால்தான்.

விண்டோஸ் எக்ஸ்பி வந்த காலத்தில் இத்தனை கெடுபிடி இல்லை. ஃபயர்வால் உள்ளேயே இருந்தும், அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற புழுநிரல் 135ஆம் போர்ட் வழியாக, யாரும் எதையும் கிளிக் செய்யாமலேயே கணினி கணினியாகப் பரவியது. அடுத்த ஆண்டு வந்த சர்வீஸ் பேக் 2 ஃபயர்வாலைத் தானாகவே இயங்க வைத்தது.

தடையைத் தேடும்போது, முதலில் உங்கள் புரோகிராம் எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று நெட்ஸ்டாட் கட்டளையால் பாருங்கள். 127.0.0.1 என்றிருந்தால் அது அந்தக் கணினிக்குள் மட்டுமே பேசும். ஃபயர்வாலைக் குறை சொல்லிப் பயனில்லை. 0.0.0.0 என்றிருந்தால் வெளியாருக்கும் காத்திருக்கிறது என்று பொருள்.

அடுத்தது நெட்வொர்க்கின் புரொஃபைல். டொமைன், பிரைவேட், பப்ளிக் என மூன்று உண்டு. பிரைவேட்டுக்கு மட்டும் எழுதிய அனுமதி, பப்ளிக் என்று குறிக்கப்பட்ட வைஃபையில் செல்லாது.

பலர் தடுமாறுவது இதற்குப் பிறகுதான். அனுமதி விதி எழுதியாயிற்று, புரொஃபைலும் சரி. ஆனாலும் இணைப்பு வரவில்லை. விண்டோஸில் ஒரே இணைப்புக்கு அனுமதியும் தடையும் இருந்தால் தடையே வெல்லும். அந்தத் தடையை யார் எழுதியது? ஒரு புரோகிராம் முதன்முறை இணைப்புக்காகக் காத்திருக்கும்போது, அனுமதிக்கலாமா என்று விண்டோஸ் ஒரு பெட்டியில் கேட்கும். அவசரத்தில் அந்தப் பெட்டியை ரத்து செய்தால் டிசிபிக்கு ஒன்று, யுடிபிக்கு ஒன்று என்று இரண்டு தடை விதிகள் பதிவாகிவிடும். அட்மின் உரிமை இல்லாதவரிடம் கேள்வியே வராமல் தடை விழுவதும் உண்டு. ஆகவே, புதிய அனுமதிகளை அடுக்குவதற்கு முன், உள்வரும் விதிகளின் பட்டியலில் அந்தப் புரோகிராமின் பெயரில் பழைய தடை இருக்கிறதா என்று பாருங்கள்.

அலுவலக லேப்டாப்பில் இன்னொரு அடுக்கும் உண்டு. நிறுவனத்தின் குரூப் பாலிசி, கணினியிலேயே எழுதிய விதிகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்போது உங்கள் விதி பட்டியலில் தெரியும், செயல்படாது.

இதற்கெல்லாம் ஃபயர்வாலையே அணைப்பது தீர்வல்ல. அணைத்த மறுகணம் மற்றப் போர்ட்டுகளும் காப்பின்றி நிற்கும். கைவிடப்பட்ட இணைப்புகளைப் பதிவு செய்யும் வசதி ஃபயர்வாலிலேயே இருக்கிறது. வழக்கமாக அணைந்திருக்கும் அதை இயக்கினால், எந்த முகவரியிலிருந்து எந்தப் போர்ட்டுக்கு வந்த இணைப்பு நின்றது என்று தெரியும். புரோகிராம், போர்ட், டிசிபியா யுடிபியா, எந்த நெட்வொர்க்கிலிருந்து என்ற நான்கையும் எழுதி ஐ.டி. பிரிவுக்கு அனுப்புங்கள். அவர்கள் திறக்க வேண்டியது அந்த ஒரு வழியை மட்டும்தான்.